72, 300 என்ற எண்களில் இல்லை படத்தின் தரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரைகலை, இணைய வடிவமைப்புத் துறைக்கு வர விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் அடிப்படைச் சொற்களின் விளக்கப் பட்டியல் ஒன்று வெளியாகியிருந்தது. நாலைந்து மென்பொருள்களின் பெயரை அடுக்கிவிட்டு ‘இவற்றைக் கற்றால் போதும்’ என்று முடித்துவிடாமல், சொற்களை விளக்க முற்பட்டது நல்ல முயற்சி. ஆனால் சில விளக்கங்கள், தொழிலில் ஏற்கெனவே புழங்கிவரும் தவறுகளை அப்படியே திரும்பச் சொல்கின்றன. முக்கியமாக, ‘படத்தை இணையத்துக்கு 72 டிபிஐ, அச்சுக்கு 300 டிபிஐ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்’ என்ற வரி. (டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு.) இதற்காவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு டிஜிட்டல் படத்துக்குள் இருப்பது பிக்சல்கள் எனும் நிறப்புள்ளிகள் மட்டுமே. அங்குலம் என்று எதுவும் அதற்குள் இல்லை. 1000-க்கு 1000 பிக்சல் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 72 என்ற குறிப்பு இருந்தால் மென்பொருள் அதை 13.89 அங்குலப் படம் என்று காட்டும். குறிப்பை 300 என்று மாற்றினால் 3.33 அங்குலம் என்று காட்டும். படம் அதேதான், ஒரு பிக்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சலை நெருக்கி அச்சிட வேண்டும் என்று சொல்லும் குறிப்புதான் அந்த எண்.

ஃபோட்டோஷாப்பின் ‘இமேஜ் சைஸ்’ பெட்டியில் ‘ரீசாம்பிள்’ என்று ஒரு டிக் இருக்கிறது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிக்கை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக்கினால் மேலே சொன்னபடி அங்குலம் மட்டும் சுருங்கும். டிக் இருக்கும்போதே 300 ஆக்கினால், 13.89 அங்குலத்தை அப்படியே வைத்துக்கொண்டு மென்பொருள் படத்தை 4167-க்கு 4167 பிக்சலாக ஊதிவிடும். மொத்த எண்ணிக்கை 17 மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதாவது ஒவ்வொரு 17 பிக்சலிலும் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் கேமரா சாட்சி. மற்றவை அக்கம்பக்கத்து நிறங்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பியவை. ‘300 ஆக்கித்தானே கொடுத்தேன், ஏன் மங்கலாக வந்தது?’ என்று அச்சகத்தில் கேட்பவருக்குப் பதில் இதுதான்.

செய்ய வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. அச்சில் வர வேண்டிய அகலத்தை அங்குலத்தில் எடுத்து 300-ஆல் பெருக்கினால் தேவையான பிக்சல் கிடைக்கும். முழு ஏ4 பக்கத்துக்கு 2480-க்கு 3508. கையில் இருப்பது 1080 பிக்சல் அகல ஸ்கிரீன்ஷாட் என்றால் 300-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.6 அங்குலம், அதாவது ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். அதைவிடப் பெரிதாகப் போடப் போட, படம் உடைய ஆரம்பிக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போய்ச் சேரும்.

300 என்ற எண்ணும் வேதவாக்கு அல்ல. குறையில்லாத கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் ஏறத்தாழ 60-இல் ஒரு பங்கு. இதிலிருந்து கிடைக்கும் வாய்பாடு எளிது: 3438 என்ற எண்ணை, பார்க்கும் தூரத்தின் அங்குலத்தால் வகுக்க வேண்டும். ஓர் அடி தூரத்தில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கு 286 வருகிறது; அதை முழு எண்ணாக்கித்தான் 300 என்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 29 போதும். ஆகவே பெரிய பேனரை 300-இல் செய்து கணினியைத் திணறடிப்பது வீண் வேலை. 72 முதல் 100 வரை தாராளம். செய்தித்தாளில், படத்தைச் சிறு மைப்புள்ளிகளாக்கி அச்சிடும் புள்ளித்திரை அங்குலத்துக்கு 100 வரி என்றால் அதன் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, அதாவது 150 முதல் 200 வரை இருந்தால் சரி. தங்கள் பக்க வடிவமைப்பாளர்களைக் கேட்டிருந்தாலே இதைச் சொல்லியிருப்பார்கள்.

72 என்ற எண் 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியின் மிச்சம். அதன் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுக்கலையின் பாயின்ட் அளவும் அங்குலத்தில் ஏறத்தாழ 72-இல் ஒன்று என்பதால், திரையில் பார்க்கும் 12 பாயின்ட் எழுத்து தாளிலும் அதே அளவில் வரட்டும் என்று செய்த ஏற்பாடு அது. அந்தத் திரைகள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இணையப் பக்கத்தில் கணக்கில் வருவது பிக்சல் எண்ணிக்கைதான். குறிப்பை 72 ஆக்குவதால் படம் கூர்மையாகவும் ஆகாது, ஃபைல் இலேசாகவும் ஆகாது.

இணையத்துக்கு வேறு கணக்கு. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் எழுதும் பிக்சலும் கைபேசித் திரையில் உள்ள பிக்சலும் ஒன்றல்ல. 360 என்று எழுதிய அகலம், பிக்சல் விகிதம் (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்துக்கு எத்தனை திரைப் பிக்சல் என்பது) 2 உள்ள கைபேசியில் 720 பிக்சலாகவும், 3 உள்ளதில் 1080 பிக்சலாகவும் நிற்கும். அதனால் 360 பிக்சல் படத்தையே கொடுத்தால் மங்கும். அந்த இடத்தில் 4000-க்கு 3000 கேமரா படத்தை அப்படியே ஏற்றினால், வாசகர் 1 கோடியே 20 லட்சம் பிக்சலை இறக்கிக்கொண்டு, விகிதம் 3 உள்ள கைபேசியில்கூட அதில் ஏறத்தாழ 14-இல் ஒரு பங்கைத்தான் பார்ப்பார். டேட்டாவும் நேரமும் போனதுதான் மிச்சம். ஒரே படத்தை இரண்டு மூன்று அளவுகளில் வைத்து, எது வேண்டுமென்று உலாவியே தேர்ந்துகொள்ளும்படி எழுதுவதே முறை. கூடவே அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் எண்ணாகக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் படம் வந்து இறங்கும்போது கீழே உள்ள வரிகளெல்லாம் துள்ளும். படித்துக்கொண்டிருப்பவரின் விரல் வேறெதன் மேலோ பட்டுவிடும்.

‘சைஸைக் குறைச்சு அனுப்புங்க’ என்று சொல்லும்போது பிக்சலா, அங்குலமா, கேபியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. விண்ணப்பப் படிவங்களில் ‘200 கேபிக்குள்’ என்று கேட்டால் பலர் 4000 பிக்சல் ஜேபெக் படத்தின் சேமிப்புத் தரத்தை 100-க்கு 10, 15 என்று அடிமட்டத்துக்கு இறக்குகிறார்கள். முகம் கட்டம் கட்டமாகிவிடுகிறது. முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும். 1000, 1200 அகலத்துக்குக் கொண்டுவந்த பிறகு தரத்தை 75, 80-இல் வைத்தாலே பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

‘பிஎன்ஜி தரம் கூடியது, ஜேபெக் தரம் குறைந்தது’ என்பது பட்டியலின் இன்னொரு வரி. இதில் பாதிதான் உண்மை. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. பெரும்பாலும் நிறத் தகவலையும் குறைத்துக்கொள்கிறது. மரம், முகம், வானம் போன்றவற்றில் இது தெரியாது. வெள்ளைப் பின்புலத்தில் சிவப்பு எழுத்து இருக்கும் விளம்பரத்தை ஜேபெக் ஆக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்தின் ஓரத்தில் சிவப்பு கசிந்து, சுற்றிலும் அழுக்குப் புள்ளிகள் மொய்த்திருக்கும். திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கழிவு மறுபடி நடக்கும். ஆகையால் திருத்தம் எப்போதும் மூல ஃபைலில். ஜேபெக் கடைசியில் எடுக்கும் பிரதி. பிஎன்ஜி எதையும் கழிக்காது. ஆனால் புகைப்படத்தை அதில் வைத்தால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாமல் ஃபைல் பல மடங்கு கனக்கும். புகைப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி, எழுத்தும் கோடும் நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கும் பின்புலம் இல்லாத படத்துக்கும் பிஎன்ஜி, லோகோவுக்கும் ஐகானுக்கும் எஸ்விஜி என்பது போதுமான விதி. நீலப் பட்டையின் மேல் லோகோ ஒரு வெள்ளைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஜேபெக்தான். அந்த வடிவத்தில் ஒளிபுகு தன்மைக்கு இடமே கிடையாது.

லோகோ என்றதும் வெக்டர்; எஸ்விஜி அந்த வகைதான். அதில் பிக்சல் கிடையாது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைவுகளும்தான். அதனால் பேனா மூடியில் அச்சிட்டாலும் கட்டடச் சுவரில் எழுதினாலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஆனால் ஒரு ஜேபெக்கைக் கோரல்டிராவுக்குள் இழுத்துப்போட்டு பிடிஎஃப் ஆக்கிவிட்டு ‘வெக்டர் ஃபைல்’ என்று கொடுப்பது இன்றைக்கும் நடக்கிறது. பிடிஎஃப் வெறும் உறை. உள்ளே எது இருக்கிறதோ அதுதான். 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: விளிம்பு படிக்கட்டுபோல உடைந்தால் உள்ளே இருப்பது படம். தானியங்கி டிரேஸ் கொண்டு வெக்டராக மாற்றினால் மூலைகள் மழுங்கும், நேர்கோடு நெளியும், எழுத்தின் சுழி அடைபடும். சின்ன லோகோ என்றால் பேனா கருவியால் மறுபடி வரைவதே வேகமான வழி.

நிறத்தில், திரைக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சுக்கு சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை) என்ற வரி சரி. ஆனால் மாற்றினால் என்ன ஆகும் என்பதுதான் வேலையில் தேவைப்படுவது. திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மை தாளின் வெளிச்சத்தைக் கழித்து நிறம் காட்டுகிறது. பளிச்சென்ற பச்சை, மின்னும் நீலம், கொதிக்கும் ஆரஞ்சு ஆகியவை நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை. அச்சில் கட்டாயம் மங்கும். ஒருமுறை சிஎம்ஒய்கேக்கு மாற்றிய படத்தைத் திரும்ப ஆர்ஜிபி ஆக்கினாலும் போன நிறம் வராது. எனவே மாற்றம் கடைசிக் கட்டத்தில், அச்சகம் சொல்லும் நிற விவரக்கோப்பைக் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டியது.

எல்லாவற்றையும்விட அதிகம் தொல்லை தருவது கறுப்பு. திரையின் முழுக் கறுப்பை ஃபோட்டோஷாப் தன் பழைய இயல்பு அமைப்பில் சிஎம்ஒய்கே ஆக்கும்போது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 சதவீத மை. செய்தித்தாள் காகிதம் 240-ஐ ஒட்டித்தான் தாங்கும்; அதற்கு மேல் போனால் மை காயாது, பின்பக்கம் ஊறும், அடுத்த தாளில் ஒட்டும். அதைவிட மோசம், 9 பாயின்ட் எழுத்து நான்கு மைகளின் அச்சு பிளேட்டிலும் விழுவது. ஒரு பிளேட் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிதுங்கும். வாசகர் தன் கண்ணாடியைத் துடைப்பார். பத்திகளில் வரும் சின்ன எழுத்து எப்போதும் கறுப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம். பெரிய கறுப்புப் பரப்பு ஆழமாக வர வேண்டுமென்றால் மட்டும் மற்ற மைகளைக் கொஞ்சம் சேர்க்கலாம். வழவழப்பான தாளில் 60, 40, 40, 100 என்பது வழக்கமான கலவை.

பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் பின்புலத்தை நீட்டிவிடும் ஓரம்) பற்றிப் பட்டியலில் சொன்னது சரியே. எண்ணை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்: நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர். ஏ5 நோட்டீஸ் 148-க்கு 210 என்றால் ஃபைல் 154-க்கு 216. எழுத்து, வெட்டும் கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

நிறப் பொருத்தம் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கள், ஒளிவேறுபாட்டை விட்டுவிட்டார்கள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிவேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்பது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் நெறிமுறையான, 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0-இன் அளவு. வெள்ளையின் மேல் #767676 என்ற நிறக்குறியீடு உள்ள சாம்பல் 4.54 வாங்கித் தேறிவிடும். ஒரு படி வெளுத்த #777777 என்பதற்கு 4.48 தான், தேறாது. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த மெல்லிய #999999 சாம்பல் 2.85-இல் நிற்கிறது. வெயிலில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அதைப் படிக்கச் சொன்னால் யாராலும் முடியாது. வெள்ளைமேல் முழுச் சிவப்பு எழுத்தும் 4-ஐத்தான் தொடுகிறது. எச்சரிக்கை வாசகங்களையே அதில் சின்னதாக எழுதுகிறார்கள்.

எழுத்து பற்றிய பகுதி பெரிய ஏமாற்றம். கெர்னிங் (இரு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்வது), டிராக்கிங் (எல்லா எழுத்துகளின் இடைவெளியையும் ஒருசேர மாற்றுவது), லீடிங் மூன்றையும் ரோமன் எழுத்தை வைத்தே விளக்கிவிட்டு, தமிழில் என்ன ஆகும் என்பதைத் தொடவே இல்லை. ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரை உள்ள தூரம் லீடிங். ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து, எழுத்தளவில் 120 சதவீதம் என்று பக்க மென்பொருள்கள் தாமாகவே வைத்துக்கொள்கின்றன. தமிழில் மேல்விலங்கும் புள்ளியும் மேலே ஏறும், ‘து’, ‘நூ’ போன்றவை கீழே இறங்கும். 10 பாயின்ட் எழுத்தை 12 பாயின்ட் லீடிங்கில் விட்டால் மேல் வரியின் ‘நூ’வும் கீழ் வரியின் ‘தீ’யும் முட்டிக்கொள்ளும். 15, 16 பாயின்ட் கொடுத்தால்தான் பக்கம் மூச்சுவிடும், இணையத்தில் 1.6. பட்டனின் உயரத்தை இறுக்கிப் பூட்டினால் ‘முகப்பு’ என்ற சொல்லில் ‘மு’, ‘பு’ இரண்டின் அடியும் வெட்டுப்படும். உயரத்தை எழுதாமல், எழுத்தைச் சுற்றி உள்ளிடைவெளி மட்டும் கொடுப்பதே வழி.

டிராக்கிங் தமிழுக்கு ஆகாது என்றே சொல்லிவிடலாம். ‘கோ’ என்பதில் கொம்பு, ‘க’, கால் என்று மூன்று உறுப்புகள். எழுத்திடைவெளியைக் கூட்டும்போது சில மென்பொருள்கள் இந்த மூன்றையும் பிரித்து நிறுத்திவிடும். தலைப்பு அகலமாக வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லிடைவெளியைக் கூட்டலாம். அதேபோல் ‘கெ’ என்று அடித்தால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவட்டம் முளைத்தாலோ எழுத்துருவைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்புகளுக்குள்ளும், இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவிலும் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற தேர்வு இருக்கிறது. அதை இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு ‘போல்ட்’ கொடுத்தால் உலாவி தானே கோடுகளைப் பூசிக் கனமாக்கும். ‘ண’, ‘ஐ’ போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். தடித்த வடிவமும் சேர்ந்தே வரும் எழுத்துருவைத் தேர்ந்துகொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் செய்த அச்சுப் பிரதியை இணையத்துக்கு அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும் என்பது தெரிந்ததே. மாற்றியைக் கொண்டு யூனிகோடாக்கிய பிறகும் ஒருமுறை படித்தாக வேண்டும். பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து மெய்யை அடுத்து அடிப்பார்கள்; யூனிகோடு மெய்யை முதலில் வைத்துக்கொள்ளும். மாற்றி எங்காவது தடுமாறினால் ‘கெ’, ‘கே’, ‘கை’ வரிசையில்தான் தடுமாறும். காலும் ‘ர’வும் இடம்மாறிக் கிடப்பதும் உண்டு. இந்த வம்புக்குப் பயந்து செய்தி முழுவதையும் படமாக ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் உள்ள எழுத்தை, பார்வையற்றோருக்குத் திரையை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் சரிவரப் படிக்காது, தேடுபொறிக்கும் அது நம்பகமாகக் கிடைக்காது, சின்னத் திரையில் மடங்கி அடுத்த வரிக்கும் போகாது. தங்கள் இணையப் பதிப்பில் அந்த விளக்கப் பட்டியலே ஒரு ஜேபெக் படமாகத்தான் இருக்கிறது.

கட்டம், ஒழுங்கு, வெற்றிடம், முதன்மை வரிசை பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும்: குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமமாக்கினால், தமிழின் நீண்ட சொற்கள் அடுத்த வரிக்குத் தாவி, மிஞ்சிய இரண்டு மூன்று சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். சொற்பிரிப்பை இயக்க முடியாவிட்டால் இடது ஓரத்தை மட்டும் ஒழுங்காக்கிவிடலாம்.

இணையப் பக்கம் கைபேசியில் எறும்பு எழுத்தாகத் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்ப அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரி ஹெச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் இருக்கிறதா என்பதை. அது இல்லையென்றால் கைபேசி உலாவி, பக்கத்தை 980 பிக்சல் அகலத் திரைக்கானது என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். எழுத்தளவை ரெம் அலகில் கொடுப்பது நல்லது. உலாவியின் இயல்பு 16 பிக்சல் என்பதால் 1 ரெம் 16 ஆக இருக்கும், பார்வை குறைந்தவர் தம் உலாவியில் 20 என்று வைத்திருந்தால் அதற்கேற்பத் தானே வளரும். பிக்சலில் பூட்டிவிட்டால் அவருடைய அமைப்புக்கு மதிப்பில்லை. விரலால் தொடும் இடங்களுக்கு ஆப்பிள் 44, கூகுள் 48 என்று குறைந்தபட்ச அளவு சொல்கின்றன (இந்த அலகுகள் ஏறத்தாழ சிஎஸ்எஸ் பிக்சலுக்குச் சமம்). 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அதன் நடுநிலைப் படியில் கேட்பது 24 சிஎஸ்எஸ் பிக்சல்.

வேலை முடிந்து ஃபைல் கைமாறும்போது என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது பட்டியலில் எங்குமே இல்லை. வடிவமைப்பு செய்யக் கொடுப்பவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். திருத்தக்கூடிய மூல ஃபைல், பிளீடும் வெட்டுக்குறியும் உள்ள அச்சு பிடிஎஃப், லோகோவின் எஸ்விஜி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி, நிறங்களின் ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே எண்கள், பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்கள். அச்சகத்துக்கு அனுப்ப எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் வளைகோட்டு வடிவங்கள்) ஆக்கினால், ஆக்குவதற்கு முன்பே வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துக்கொள்ள வேண்டும். ஆக்கிய பிறகு ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அந்தச் சொல்லை அடித்துத் திருத்த முடியாது. விலைக்கு வாங்கும் எழுத்துருக்களில் கணினியில் பயன்படுத்தும் உரிமமும் இணையத்தில் ஏற்றும் உரிமமும் பெரும்பாலும் தனித்தனி. எது வாங்கப்பட்டிருக்கிறது என்பதை ரசீதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அந்த ரசீதின் பிரதியையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
அச்சு, இணைய வடிவமைப்புத் துறை வாசகர்